சொந்த ஊர்ச் சத்தம்

ஸ்வென் ஒட்கே, ஜோ கால்சாகி என்று இரண்டு குத்துச்சண்டை வீரர்கள். ஒருவர் ஜெர்மானியர், இன்னொருவர் வேல்ஸ்காரர். இருவருக்கும் ஒரே எடைப் பிரிவு, சூப்பர் மிடில்வெயிட். ஒட்கே 34 சண்டை போட்டார், 34-லும் ஜெயித்தார். கால்சாகி 46 போட்டார், 46-லும் ஜெயித்தார். 1998 அக்டோபரிலிருந்து 2004 மார்ச் வரை இருவரிடமும் வேறு வேறு அமைப்பின் உலகப் பட்டம் ஆளுக்கொன்று இருந்தது. அந்த ஐந்தரை வருடத்தில் இவர்கள் ஒருமுறைகூட மோதிக்கொள்ளவில்லை. ஒட்கே அநேகமாக எல்லாச் சண்டைகளையும் ஜெர்மனியிலேயே போட்டார். கால்சாகி பிரிட்டனைத் தாண்டியது அபூர்வம். இருவர் ஊரிலும் டிக்கெட் விற்றது, டிவி பணம் கொட்டியது. எதற்கு வெளியே போக வேண்டும்?

எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் சீக்கிரம் முடியாது. சொந்த ஊரிலேயே சண்டை போட்டுப் பட்டத்தைக் காப்பாற்றுகிறவன் முழுச் சாம்பியனா என்று ஒரு கட்சி. பட்டம் யாரிடம் இருக்கிறதோ அவனைத் தேடி மற்றவன் வரட்டும், அதுதானே முறை என்று இன்னொரு கட்சி. உள்ளூர்க் கூட்டம் உண்மையில் ஒரு சாம்பியனுக்கு என்ன கொடுக்கிறது என்பதை இரண்டு கட்சியுமே பிரித்துப் பார்ப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர்க் கூட்டத்தால் பட்டத்துக்கு லாபம் உண்டு, பணத்துக்கும் லாபம் உண்டு. அந்தப் பட்டத்தைச் சுமக்கிற ஆளுக்கு லாபமா என்றால், பெரும்பாலும் இல்லை.

இதை எழுதுவது கொழிஞ்சாம்பாறையிலிருந்து. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் கோவை மாவட்டம் வந்துவிடும். இங்கே தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் சாயங்காலம் பசங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரியவர் ஒருவர் தொடங்கியது. பட்டாளத்து மாமா என்றால் ஊருக்கே தெரியும். நான் அவரிடம்தான் கையில் பட்டை கட்டக் கற்றுக்கொண்டேன், இப்போது அவருக்குத் துணையாக நிற்கிறேன்.

எங்கள் பசங்களுக்கு 'சொந்த ஊர்க் கூட்டம்' என்பது ஒரு சிக்கலான விஷயம். திருச்சூரிலோ கொச்சியிலோ ரிங் ஏறினால் கூட்டத்துக்கு இவர்கள் தமிழ்ப் பசங்கள். தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற குரல் எங்காவது ஒரு மூலையிலிருந்து வரும். கோவைப் பக்கம் அழைப்புப் போட்டிக்குப் போனால் மைக்கில் 'கேரளா' என்று அறிவிப்பார்கள், அதோடு கைதட்டல் பாதியாகிவிடும். எதிராளிக்குத்தான் ஊர் என்ற நிலையிலேயே எங்கள் பசங்கள் அநேகமாக எல்லா பவுட்டும், அதாவது சண்டையும், ஆடுகிறார்கள். அதனால் கூட்டத்தின் சத்தம் எங்கே போய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க எங்களுக்கு நிறையச் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது.

ஒரு பவுட்டைச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், பள்ளி மைதானத்தில் ரிங் போட்டிருந்தார்கள். எங்கள் பையன் சவுத்பா, அதாவது வலது கையை முன்னால் நீட்டி, இடது கையைப் பின்னால் வைத்து ஆடுகிறவன். எதிராளி உள்ளூர்ப் பையன், நல்ல உடம்பு, வீச்சு வீச்சாக அடிப்பான். எங்கள் பையன் வலது ஜேபை, நேராக நீட்டிக் குத்தும் அடியை, போட்டு மூக்கில் தொட்டுவிட்டு விலகிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு ஜேபும் சுத்தமாக விழுந்தது. ஆனால் அதற்குச் சத்தமே இல்லை. கிளவுஸ் முகத்தில் பட்டு எழும் 'டப்' என்ற ஓசை கார்னரில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது. எதிராளிப் பையன் பக்கவாட்டில் சுழற்றி அடித்த ஹுக் எங்கள் பையனின் முழங்கையில் வந்து நிற்கும், அப்போது மைதானமே எழுந்து கத்தும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜட்ஜைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கும் ரிங்குக்கும் நடுவே ரெஃப்ரீயின் முதுகு. ஹுக் விழுந்த இடம் அவருக்குத் தெரிய வழியில்லை. சத்தம் மட்டும் தெரியும். தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் எதிராளிக்குக் கொடுக்க, 3-2 என்று எங்கள் பையன் தோற்றான்.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காது நிரப்பிவிட்டது. ஜட்ஜ் உட்காருவது ரிங்குக்குக் கீழே, அண்ணாந்து பார்க்கிற நிலையில். நடுவில் கயிறு, ரெஃப்ரீ, இரண்டு ஆட்களின் தோள். ஒரு ரவுண்டில் நடப்பதில் கணிசமான பங்கை அவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஊகத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து கைவைத்தால்?

இதை எண்ணிக்கையில் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த நைஜல் பால்மர், ஆலன் நெவில், ஆண்ட்ரூ லேன் மூவரும் ஐரோப்பியப் பட்டச் சண்டைகளை எடுத்துக்கொண்டு 2005-ல் வெளியிட்டது. இரண்டு பேரும் சம பலம் என்று வைத்துக்கொண்டால், சொந்த ஊர்க்காரன் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்கள். சண்டை நாக்-அவுட்டில் முடிந்தால் 57 சதவீதம். ரெஃப்ரீ நடுவில் நிறுத்துகிற டெக்னிக்கல் நாக்-அவுட் என்றால் 66. பாயிண்ட்ஸ் வரை போனால் 74.

இந்த மூன்று எண்களையும் வரிசையாக ஒருமுறை பாருங்கள். நாக்-அவுட்டில் யாருடைய தீர்ப்பும் கிடையாது. கீழே விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழவில்லை, அவ்வளவுதான். அங்கேயும் சொந்த ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது. தன் படுக்கையில் தூங்கி, தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பயணக் களைப்பு இல்லாமல் வந்தவனுக்கு அந்த ஏழு சதவீதம் நியாயமானதே. டெக்னிக்கல் நாக்-அவுட்டில் ஒரு மனிதரின் முடிவு நுழைகிறது, உடனே எண் ஏறுகிறது. பாயிண்ட்ஸில் எல்லாமே மனிதர்களின் முடிவு, எண் உச்சத்துக்குப் போகிறது. தீர்ப்பு சொல்கிறவனின் கை எவ்வளவு தூரம் நுழைகிறதோ அவ்வளவு தூரம் சொந்த ஊரின் லாபமும் கூடுகிறது. கூட்டத்தின் சத்தம் வீரனின் தோளுக்குப் போவதைவிட ஜட்ஜின் பென்சிலுக்குத்தான் அதிகம் போகிறது.

இதே நெவிலும் பால்மரும் கால்பந்து ரெஃப்ரீக்களிடமும் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒரே வீடியோவைச் சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடும் சிலருக்குச் சத்தமில்லாமலும் போட்டுக் காட்டினார்கள். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். படித்த, பயிற்சி பெற்ற ஆட்கள்தான்.

இப்போது ஒட்கேயின் கணக்குக்கு வருவோம். 34 வெற்றியில் நாக்-அவுட் ஆறுதான். மீதி எல்லாம் ஜட்ஜ் அட்டையில் ஜெயித்தவை. அவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. கால் வேலை, தூரம் கணிப்பது, தலையை நகர்த்துவது எல்லாம் பார்க்க அழகு. ஆனால் 2003 டிசம்பரில் நியூரம்பெர்க்கில் ராபின் ரீடோடு போட்ட சண்டையை யாரும் மறக்க மாட்டார்கள். ரீட் அடித்து ஒட்கே கீழே போனார். அது நாக்-டவுன் இல்லை என்றார் ரெஃப்ரீ. ராத்திரி முழுக்க எச்சரிக்கை வாங்கியவர் ரீட். முடிவு மூன்று ஜட்ஜும் ஒட்கேவுக்கு. அந்தச் சண்டை ஒட்கேயின் வெற்றிக் கணக்கில் ஒன்றைக் கூட்டியது, பெயரில் நிறையக் கழித்தது. இன்றைக்கும் குத்துச்சண்டை தெரிந்தவர்களிடம் ஒட்கே என்று சொன்னால் 21 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர் என்று யாரும் தொடங்குவதில்லை. "ஓ, அந்த ரீட் சண்டை" என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அவர்மேல் வருத்தம்தான் வருகிறது. வெளியே ஒரு நல்ல ராத்திரி போதும், அந்தச் சந்தேகமெல்லாம் கரைந்திருக்கும்.

கால்சாகி கடைசியில் வெளியே போனார். 2008 ஏப்ரலில், 36 வயதில், லாஸ் வேகாசில் பெர்னார்ட் ஹாப்கின்ஸுக்கு எதிராக. முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார். எழுந்து, அடியெண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு ஜட்ஜ் அவருக்கு, ஒருவர் ஹாப்கின்ஸுக்கு என்று ஜெயித்தார். அவர் வாழ்க்கையின் அழகான சண்டை அது இல்லை. ஆனால் அவர் பெயரைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேர் முன்னால் மிக்கேல் கெஸ்லரை ஜெயித்திருந்தார். அது அதைவிட நல்ல சண்டை.

சொந்த ஊர் லாபத்தின் விலை என்ன என்று கேட்டால் நான் சொல்லுவது பார்க் சி-ஹுன் கதையை. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ், லைட் மிடில்வெயிட் இறுதி. எதிரே 19 வயது ராய் ஜோன்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எண்ணியவர்கள் கணக்கில் ஜோன்ஸ் அடித்தது 86, பார்க் அடித்தது 32. தீர்ப்பு 3-2, பார்க்குக்குத் தங்கம். கை தூக்கப்பட்டபோது பார்க்கின் முகத்தை அந்த வீடியோவில் பாருங்கள். சந்தோஷம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் ஜோன்ஸை அணைத்துத் தூக்கிப் பிடிக்கிறார். அந்த ஒலிம்பிக்ஸின் சிறந்த வீரர் என்ற வால் பார்க்கர் கோப்பை தோற்ற ஜோன்ஸுக்கே போனது. ஜோன்ஸ் அதன் பிறகு நான்கு எடைகளில் உலகப் பட்டம் வாங்கினார். பார்க் அதோடு ரிங்கை விட்டே விலகினார். பல வருடம் சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். 2023-ல் மகனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போய், பென்சகோலாவில் ஜோன்ஸ் இருக்கும் இடத்தில் அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதன் அதைச் சுமந்திருக்கிறான். அவன் கேட்டு வாங்கியதல்ல அது. அவன் பெயரைச் சொல்லிச் சுற்றி இருந்தவர்கள் அவனுக்குச் செய்தது.

நம் ஆட்களுக்கும் கொரியாவில் அடி விழுந்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு அரையிறுதியில் சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜி-னாவிடம் 3-0 என்று தோற்றதாக அறிவித்தார்கள். சரிதா பதக்க மேடையில் வெண்கலத்தை வாங்கி, அழுதுகொண்டே அதை பார்க் கழுத்தில் போட்டார். ஒரு வருடத் தடை வந்தது. அன்றைக்கு நாடே கொதித்தது, எங்கள் கொட்டகையில் பசங்கள் பேகைக் கோபத்தில் குத்தினார்கள். நியாயமான கோபம்தான்.

அதே கண்ணை நம் வீட்டுக்குள்ளும் திருப்ப வேண்டும். 2018 பெண்கள் உலகக் குத்துச்சண்டை டெல்லியில் நடந்தது. பல்கேரியாவின் ஸ்டனிமிரா பெட்ரோவா, நம் சோனியாவிடம் 3-2 என்று தோற்றுவிட்டு, இது ஊழல் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மில் எத்தனை பேர் அந்த பவுட்டை மறுபடி போட்டுப் பார்த்தோம்? இஞ்சியோனில் சரிதாவுக்காக அழுத கண் பெட்ரோவாவுக்காக ஈரமாகவில்லை. இங்கேதான் ரசிகனாக நம் நேர்மைக்குச் சோதனை வருகிறது.

டெல்லியில் நடந்தபோதெல்லாம் நமக்கு அறுவடைதான். 2006-ல் நான்கு தங்கம். அதில் ஒன்று கண்ணூர்க்காரி கே.சி. லேகாவுடையது, 75 கிலோ பிரிவில். பாலக்காட்டில் இன்றைக்கு எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. 2023-ல் மறுபடி டெல்லி, மறுபடி நான்கு தங்கம். நிக்கத் ஜரீன், லவ்லினா, நீத்து, சவீட்டி. எல்லோரும் திறமைசாலிகள். ஆனால் நிக்கத்தின் முதல் உலகத் தங்கம் அதற்கு முந்தைய வருடம் இஸ்தான்புல்லில் வந்தது. அதனால் அவருடைய டெல்லித் தங்கத்தை யாரும் ஐயத்தோடு பார்க்க முடியாது.

மேரி கோம் கணக்கு இன்னும் தெளிவு. ஆறு உலகத் தங்கம். 2002 துருக்கியின் அன்டால்யா, 2005 ரஷ்யாவின் போடோல்ஸ்க், 2006 டெல்லி, 2008 சீனாவின் நிங்போ, 2010 பார்படோஸின் பிரிட்ஜ்டவுன், 2018 டெல்லி. ஆறில் நான்கு வெளியே. டெல்லி இரண்டையும் அழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர் மேரி கோம்தான். எங்கள் பெண்பிள்ளைகளிடம் நான் இந்தப் பட்டியலை ஊர்ப் பெயர்களோடு சொல்லச் சொல்லுவேன். மனப்பாடமாகச் சொல்லும்.

சரி, தொழில்முறைக் குத்துச்சண்டையில் சொந்த ஊர் என்பது ஊரே இல்லை. யாரால் டிக்கெட் விற்கிறதோ அவனுக்குத்தான் அது சொந்த ஊர். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1993 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஹூலியோ சீசர் சாவேஸ், பெர்னெல் விட்டேக்கர் சண்டை. விட்டேக்கர் அமெரிக்கர், நடக்கும் மண் அமெரிக்கா. ஆனால் ஸ்டேடியத்தில் இருந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள், சாவேஸின் ஆட்கள். 87 வெற்றி, தோல்வியே இல்லை என்று வந்து நின்றார் சாவேஸ். விட்டேக்கர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தார், அடி வாங்காமல் நழுவினார். பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் விட்டேக்கர் ஜெயித்தார் என்றே சொன்னார்கள். ஒரு ஜட்ஜ் விட்டேக்கருக்குக் கொடுத்தார், இரண்டு பேர் 115-115 என்று சமம் போட்டார்கள். டிரா. சொந்த நாட்டிலேயே ஒருவர் வெளியூர்க்காரராக நின்ற ராத்திரி அது. எங்கள் பசங்களில் யாராவது திருச்சூரில் இதே மாதிரித் தோற்று வந்தால் நான் விட்டேக்கரின் கதையைச் சொல்லுவேன். சாவேஸ் 87-0 என்பதை 87-0-1 ஆக்கிக் காப்பாற்றிக்கொண்டார். நான்கே மாதத்தில் ஃபிராங்கி ராண்டல் என்பவரிடம் தோற்றார்.

2017-ல் பிரிஸ்பேனில் ஐம்பதாயிரம் ஆஸ்திரேலியர்கள் முன்னால் ஜெஃப் ஹார்ன், மானி பாக்கியாவோவை ஜெயித்ததாகக் கொடுத்ததும் இந்த வகைதான். ஒரு ஜட்ஜ் அட்டை 117-111, அதாவது பன்னிரண்டு ரவுண்டில் ஒன்பது ஹார்னுக்கு. அந்தச் சண்டையில் எந்தக் கண்ணால் பார்த்தாலும் எனக்கு அந்த எண் வரவில்லை.

இதுவரை ஜட்ஜ் பற்றியே பேசிவிட்டேன். வீரனுக்கு உள்ளே என்ன நடக்கிறது? கூட்டம் கத்தக் கத்த வீரம் கூடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. கொட்டகையில் நான் பார்த்தது வேறு. எங்கள் ஊரில் கோயில் நோன்பையொட்டி ஒரு வருடம் ரிங் போட்டோம். மற்ற ஊர்களில் அமைதியாக ஜேப் போட்டு ஜெயித்து வந்த பையன் ஒருவன், அம்மா, அத்தை, பள்ளிக்கூடத்து டீச்சர், கூடப் படிக்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். முதல் பெல் அடித்ததும் பாய்ந்துவிட்டான். ஜேபே இல்லை. ஒவ்வொரு அடியும் ஆளைச் சாய்க்கிற அடியாக இருக்க வேண்டும் என்று தோள் முழுக்க இறுக்கிக்கொண்டு வீசினான். இரண்டாவது ரவுண்டில் கை தூக்க முடியவில்லை. கார்னரில் வந்து உட்கார்ந்தவனிடம் மாமா தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, "உங்கம்மா கத்துறதும் அவங்கம்மா கத்துறதும் ஒரே இரைச்சல்தான் கண்ணு. என் குரலை மட்டும் கேளு. ஜேப் எங்கே?" என்றார். அவன் தலையை ஆட்டினான். பெல் அடித்ததும் மறுபடி பாய்ந்தான். தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. கூட்டம் தூக்கிக் கொண்டாடியது. இறங்கி வந்தவன் என்னிடம், "அண்ணா, நான் ஜெயிக்கலைதானே?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய ரிங்குகளிலும் இது நடக்கிறது. டாரியஸ் மிகால்செவ்ஸ்கி போலந்தில் பிறந்து ஹாம்பர்க்கில் வாழ்ந்தவர், லைட் ஹெவிவெயிட். 48 சண்டை தோல்வியில்லாமல் ஜெயித்தவர். இன்னும் ஒன்று ஜெயித்தால் ராக்கி மார்சியானோவின் 49-ஐத் தொட்டுவிடலாம். 2003 அக்டோபரில், அதே ஹாம்பர்க்கில், தன் கூட்டத்தின் முன்னால் ஹூலியோ கொன்சாலஸிடம் தோற்றார். ஜட்ஜுகளின் கருணை எப்போதும் வந்து நிற்காது. அதை நம்பிப் பழகியவனுக்கு, வராத ராத்திரியில் வேறு ஆயுதம் இருக்காது. நம் விஜேந்தர் சிங்குக்கு வேறு மாதிரி. தொழில்முறைக்குப் போனதும் அவர் முதல் சண்டைகளை மான்செஸ்டர் பக்கம் போட்டுத் தேறினார். டெல்லி, மும்பை, ஜெய்ப்பூர் எல்லாம் அப்புறம்தான். 12 வெற்றிக்குப் பின் முதல் தோல்வி வந்தது 2021-ல், கோவாவில், நம் கரையோரத்திலேயே ஒரு கப்பலின் மேல்தளத்தில். ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சான் அவரைத் திரும்பத் திரும்பக் கீழே விழவைத்தார்.

ஒலெக்சாண்டர் உசிக்கைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். கிரைமியாவின் சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். 2014-க்குப் பிறகு அந்த ஊர் ரஷ்யாவின் பிடியில். பிறந்த ஊரில் ரிங் ஏற முடியாத சாம்பியன். எங்களைப் போன்ற எல்லை ஆட்களுக்கு அவர்மேல் ஒட்டுதல் வர இதுவே போதும்.

அவர் முதல் உலகப் பட்டத்தை 2016-ல் போலந்தின் கிடான்ஸ்கில், போலந்துக்காரர் கிளோவாட்ஸ்கியிடமிருந்து வாங்கினார். 2017-ல் பெர்லினில் மார்கோ ஹுக்கை ஜெயித்தார். 2018 ஜனவரியில் லாட்வியாவின் ரீகாவுக்குப் போய் அந்த ஊர் மைரிஸ் பிரீடிஸை ஜெயித்தார், மயிரிழையில். ஜூலையில் மாஸ்கோ. உக்ரைன்காரர் மாஸ்கோவில், முராத் கஸ்ஸியேவுக்கு எதிராக, 2018-ல். அந்தச் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். ஜட்ஜுகள் கொடுத்தது 120-108, 119-109, 119-109. ஒரு ரவுண்டுக்கு மேல் எடுத்துக்கொடுக்க அவர் யாருக்கும் இடம் வைக்கவில்லை. நவம்பரில் மான்செஸ்டருக்குப் போய் டோனி பெல்யூவை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். குரூசர்வெயிட் பிரிவில் நான்கு அமைப்புகளின் பெல்ட்டும் ஒருவரிடம். ஒன்றுகூட அவர் வீட்டில் வென்றதில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் உசிக் ஹெவிவெயிட் தங்கம். அதே ஒலிம்பிக்ஸில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் லண்டனை ஒட்டிய வாட்ஃபோர்டுப் பையன் அந்தோனி ஜோஷுவாவுக்கு. அந்த இறுதியில் ஜோஷுவாவும் இத்தாலியின் கம்மரெல்லேயும் 18-18 என்று சமமாக நின்றார்கள், கவுண்ட்பேக் என்ற மறு எண்ணிக்கை முறையில் ஜோஷுவாவுக்குக் கொடுத்தார்கள். இத்தாலி மனு போட்டது, தள்ளுபடி ஆனது. ஒன்பது வருடம் கழித்து 2021 செப்டம்பரில் அதே லண்டன், டாட்டன்ஹாம் ஸ்டேடியம், அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். நம் ஊருக்கு அது ஞாயிறு விடியற்காலை. கொட்டகையில் ஒரு செல்போனைப் பேகின் சங்கிலியில் மாட்டிவைத்துப் பார்த்தோம். உசிக் இடது கையை எங்கே அனுப்புகிறார் என்று ஜோஷுவாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பன்னிரண்டாவது ரவுண்டில் ஜோஷுவா கயிற்றில் சாய்ந்து நிற்க, உசிக் அடித்துக்கொண்டே இருக்க, அத்தனை பெரிய கூட்டத்தில் சத்தமே இல்லை. மூன்று ஜட்ஜும் உசிக்குக்கே கொடுத்தார்கள். ஊர் இரைச்சலைத் தாண்டி ஜட்ஜின் கண்ணுக்குப் போய்ச் சேருவது எப்படி என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது. அடி சுத்தமாக இருக்க வேண்டும், ரவுண்டின் கடைசி அரை நிமிடம் நம்முடையதாக இருக்க வேண்டும், ரெஃப்ரீயின் முதுகு மறைக்காத பக்கம் எதிராளியைத் திருப்ப வேண்டும்.

உசிக்கைக் கும்பிடுகிறவன் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் போலந்தின் விரோட்ஸ்லாவில் டேனியல் துபுவாவோடு சண்டை. போரால் ஊரை விட்டு வந்த உக்ரைன்காரர்கள் ஸ்டேடியம் நிறைய. உசிக்குக்குச் சொந்த ஊர் போல அமைந்த ராத்திரி. ஐந்தாவது ரவுண்டில் துபுவாவின் அடி இடுப்பில் விழுந்து உசிக் கீழே போனார். பெல்ட் கோட்டுக்குக் கீழே அடி என்று ரெஃப்ரீ சொல்லி, மூச்சு வாங்க நேரம் கொடுத்தார். அது கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன், கோட்டின் மேலேயே விழுந்தது போலத்தான் தெரிகிறது. ஒன்பதாவது ரவுண்டில் உசிக் ஜெயித்தார். 2025 ஜூலையில் துபுவாவின் ஊருக்கே போய், வெம்ப்ளியில், ஐந்தாவது ரவுண்டில் அவரைச் சாய்த்துக் கணக்கை முடித்தார். சந்தேகம் வந்த இடத்தை அவர் அப்படியே விட்டுவைக்கவில்லை.

முகமது அலி இன்னொரு வழி காட்டினார். 1974 அக்டோபர், கின்ஷாசா. அலியும் ஃபோர்மேனும் இருவருமே அமெரிக்கர்கள், இருவருக்கும் அது அந்நிய ஊர். அலி வந்த நாளிலிருந்து தெருவில் இறங்கி ஜனங்களோடு நடந்தார். ஃபோர்மேன் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு வந்து இறங்கினார், பெல்ஜியக் காலனிக்காரர்கள் வைத்திருந்த வகை நாய் அது. சண்டை ராத்திரியில் அறுபதாயிரம் பேர் அலியின் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட். அங்கே கூட்டத்தின் உதவி ஜட்ஜுக்குப் போகவே இல்லை. வெப்பத்தில், கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்த மனிதனுக்கு நேராகப் போனது. கூட்டம் ஒரு வீரனுக்கு உண்மையாகவே பலம் கொடுத்த சண்டை என்று நான் மனப்பூர்வமாக ஒத்துக்கொள்வது இதை.

அப்படியென்றால் ஒருவரும் சொந்த ஊரில் ஆடவே கூடாதா என்று என் தங்கை மகன் கேட்டான். அவனும் கிளவுஸ் மாட்டுகிறவன். ஆடலாம். ஆட வேண்டும். பணமில்லாத வீரனுக்கு முதல் வருமானம் ஊர் வாங்குகிற டிக்கெட்டில்தான் வருகிறது. ரிக்கி ஹட்டன் மான்செஸ்டரில் நின்று 2005-ல் கோஸ்ட்யா சூவை ஜெயித்தபோது அந்த ஊர் சேர்ந்து அவரை மேலே தூக்கியது, அதில் ஒரு தப்பும் இல்லை. சூ அவருடைய ஊருக்கு வந்தார், சண்டை சுத்தமாக நடந்தது, பதினொன்றாவது ரவுண்டு முடிந்ததும் சூவின் கார்னரே போதும் என்று நிறுத்தியது. ஆனால் பட்டம் கையில் வந்த பிறகு, பத்து முறை காப்பாற்றினால் மூன்று நான்காவது எதிராளியின் ஊரில் இருக்க வேண்டும். அது சட்டமாகாது, டிவி பணம் விடாது. ரசிகர்கள் நாம் கேட்டுக்கொண்டே இருந்தால் வீரர்களுக்கு உறைக்கும்.

ஜட்ஜ் விஷயத்தில் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஜட்ஜின் காதில் சத்தம் புகாத ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி. முவே தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டையின் ஜட்ஜுகளிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அடி விழும் ஓசையும் ஜட்ஜுக்கு வேண்டும், அந்த 'டப்' கேட்காமல் எடை தெரியாது என்கிறார் மாமா. அதுவும் சரிதான். அதனால் அடுத்த தடவை எங்கள் ஊரில் ரிங் போடும்போது ஜட்ஜுகளைப் பாலக்காட்டிலிருந்தும் எடுக்காமல் கோவையிலிருந்தும் எடுக்காமல் தெற்கே கொல்லம் பக்கமிருந்து அழைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். ரயில் சார்ஜும் சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது. உள்ளூர்க் கமிட்டியில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை, நம் காசைக் கொடுத்து நம் பசங்களைத் தோற்கடிப்பதா என்கிறார்கள். கடைசிக் கூட்டத்தில், ஊர் நோன்பில் ஜெயித்த அதே பையன் எழுந்து, "அவங்களையே கூப்பிடுங்க, நான் அவங்க முன்னாடி ஆடறேன்" என்றான்.